உள்ளே போகும் இழை, வெளியே நிற்கும் இயந்திரம்

மாரடைப்பில் இறந்தவர்களின் இதய ரத்தக்குழாய்களை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்த நோயியல் மருத்துவர்கள் நமக்கு ஓர் எண்ணைத் தந்திருக்கிறார்கள்: 65 மைக்ரான். குழாயின் சுவருக்குள் கொழுப்பு தேங்கிய இடத்தை நார்த்தன்மை கொண்ட ஒரு தோல் மூடியிருக்கும். அந்தத் தோல் 65 மைக்ரானுக்கும் கீழே மெலிந்துவிட்டால் கிழிந்துபோகும் ஆபத்து கூடுகிறது. கிழிந்தால் உள்ளே இருக்கும் கொழுப்பு ரத்தத்தைத் தொடும். தொட்ட இடத்தில் ரத்தம் உறைந்து குழாய் அடைபடும். 65 மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்கு. உயிரோடு இருக்கும் ஒருவரின் நெஞ்சுக்குள், துடித்துக்கொண்டே இருக்கும் இதயத்தின் மேல் ஓடுகிற மூன்று மில்லிமீட்டர் குழாய்க்குள் இந்தத் தோலின் தடிமனை எப்படி அளப்பது?

மருத்துவமனையில் ஏற்கெனவே இருந்த கருவிகள் இந்த நுணுக்கத்துக்கு இறங்குவதில்லை. ஆஞ்சியோகிராம் ரத்தம் ஓடும் பாதையின் நிழலைக் காட்டும். சுவருக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லாது. வழக்கமான சி.டி. ஸ்கேனின் நுணுக்கம் அரை மில்லிமீட்டர் அளவில் நின்றுவிடுகிறது. குழாய்க்குள்ளேயே செலுத்தப்படும் அல்ட்ராசவுண்ட் கதீட்டருக்கும் 100 மைக்ரானுக்குக் கீழே பார்வை மங்கிவிடும். இந்த இடைவெளியை நிரப்பிய கருவி, மிகக் குறுகிய லேசர் துடிப்புகளை ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு மின்பொறியியல் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. அவர் ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ. இடம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி. அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1991இல் வெளியிட்ட முறையின் பெயர் ஆப்டிகல் கோஹெரன்ஸ் டோமோகிராபி. கண் மருத்துவர்கள் இன்று சீட்டில் எழுதித் தரும் ஓ.சி.டி. ஸ்கேன் இதுதான்.

இந்த ஆராய்ச்சியைப் பற்றி எழுதுபவர்கள் கருவி எவ்வளவு சிறிதானது என்பதையே பெரிதாகச் சொல்கிறார்கள். முப்பது ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொடர்ந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. எதை உடலுக்குள் அனுப்புவது, எதை வெளியே நிறுத்திக்கொள்வது என்ற கேள்விதான் ஒவ்வொரு கட்டத்திலும் கருவியின் வடிவத்தைத் தீர்மானித்திருக்கிறது. கண்ணுக்கு ஒரு விடை, இதயத்துக்கு இன்னொன்று, உணவுக்குழாய்க்கு மற்றொன்று. அந்த விடை சரியாக அமைந்த இடத்தில் கருவி நோயாளியிடம் போய்ச் சேர்ந்தது.

முதலில் அடிப்படை. பாழுங்கிணற்றில் கல்லைப் போட்டுச் சத்தம் வர எவ்வளவு நேரமாகிறது என்று எண்ணி ஆழத்தை மதிப்பிடுவார்கள் அல்லவா, அல்ட்ராசவுண்ட் செய்வதும் ஏறக்குறைய அதைத்தான்: ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கிறது. உடல் திசுவில் ஒலி நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் செல்கிறது. மின்னணுக் கருவிகளுக்கு இந்த வேகம் எட்டும். ஒலியின் இடத்தில் ஒளியை வைத்தால் நுணுக்கம் பல மடங்கு கூடும். ஆனால் வெற்றிடத்தில் ஒளியின் வேகம் நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர். திசுவில் அது சற்றுக் குறைந்தாலும், பத்து மைக்ரான் ஆழத்துக்குப் போய்த் திரும்ப ஒளிக்கு ஆகும் நேரம் சுமார் 90 ஃபெம்டோ நொடிதான். ஒரு நொடியை ஆயிரம் லட்சம் கோடிப் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு, ஒரு ஃபெம்டோ நொடி. இதை நேரடியாக அளக்கும் மின்னணு உணரி கிடையாது.

வழி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தது. ஆல்பர்ட் மைக்கல்சன் அமைத்த குறுக்கீட்டுமானியில் ஒளி இரண்டாகப் பிரிந்து இரு பாதைகளில் போய், கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி ஒன்றுசேரும். ஓ.சி.டி.யில் ஒரு பாதையின் முடிவில் கண்ணாடிக்குப் பதில் நோயாளியின் திசு இருக்கிறது. பல நிறங்கள் கலந்த அகன்ற ஒளியைப் பயன்படுத்தினால், இரு பாதைகளின் நீளமும் சில மைக்ரான் வித்தியாசத்துக்குள் பொருந்தும்போது மட்டுமே குறுக்கீட்டு அலை எழும். கண்ணாடியை மெல்ல நகர்த்தினால், அது நிற்கும் தூரத்துக்கு ஈடான ஆழத்திலிருந்து திரும்பிய ஒளி மட்டும் அடையாளம் காட்டும். நேரத்தை அளக்க வேண்டிய கணக்கு இப்படி நீளத்தை அளக்கும் கணக்காக மாறிவிடுகிறது. நிறங்களின் வீச்சு எவ்வளவு அகலமோ, ஆழத்தில் அவ்வளவு நுணுக்கம் கிடைக்கும்.

ஃபுஜிமோட்டோ நேரே இங்கே வந்துவிடவில்லை. எம்.ஐ.டி.யில் எரிக் இப்பனிடம் ஃபெம்டோ நொடி லேசர்களில் முனைவர் பட்டம் முடித்தவர் அவர். 1986இல் அந்த லேசர் துடிப்புகளைக் கொண்டே முயலின் கருவிழித் தடிமனை அளந்து ஒரு கட்டுரை வெளியானது. கூட்டாசிரியர்களில் கார்மன் புலியாஃபிட்டோ என்ற கண் மருத்துவரும் இருந்தார். முறை வேலை செய்தது. ஆனால் அன்றைய ஃபெம்டோ நொடி லேசர்கள் மேசையை நிறைக்கும் அளவு பெரியவை, விலையும் அதிகம், ஒரு கிளினிக்கில் கொண்டுபோய் வைக்கக் கூடியவை அல்ல.

இந்தக் கட்டத்தில்தான் இருவர் வந்து சேர்கிறார்கள். ஒருவர் டேவிட் ஹுவாங். மருத்துவப் பட்டத்தையும் பொறியியல் முனைவர் பட்டத்தையும் சேர்த்துப் படிக்க ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் கூட்டாக நடத்தும் திட்டத்தின் மாணவர். இன்னொருவர் எரிக் ஸ்வான்சன், எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்தில், செயற்கைக்கோள்கள் லேசர் ஒளியால் தங்களுக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் தொழில்நுட்பத்தில் வேலை செய்துகொண்டிருந்த பொறியாளர். மிக மெலிதாகத் திரும்பும் ஒளியை இரைச்சலுக்கு நடுவே பிரித்தெடுப்பது அவருக்கு அன்றாட வேலை. தொலைபேசி நிறுவனங்களுக்காகத் தயாரான கண்ணாடி இழைகளும் அவற்றின் இணைப்புகளும் அப்போது கடையில் வாங்கக்கூடிய சரக்காகிவிட்டிருந்தன. பெரிய லேசரை ஒதுக்கிவிட்டு, சிறிய குறைக்கடத்தி ஒளிமூலம் ஒன்றை இழையோடு இணைத்தார்கள். மேசை அளவு இயந்திரம் ஒரு பெட்டிக்குள் அடங்கியது.

1991 நவம்பரில் ‘சயன்ஸ்’ இதழில் கட்டுரை வந்தது. அனுப்பிய ஒளியில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு திரும்பினாலும் தங்கள் கருவி கண்டுகொள்ளும் என்று அதில் எழுதினார்கள். காட்டிய மாதிரிகள் இரண்டு: விழித்திரை, இதய ரத்தக்குழாய். இந்தத் தேர்வை நான் மிகவும் மதிக்கிறேன். ஒளி தடையின்றிப் போகும் கண்ணும், ஒளி உள்ளே நுழைந்ததும் சிதறிப்போகும் ரத்தக்குழாய்ச் சுவரும் எதிரெதிர் முனைகள். எளிதானதையும் கடினமானதையும் முதல் கட்டுரையிலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். இதே திசையில் வேறு இடங்களிலும் வேலை நடந்தது. வியன்னாவில் அடால்ஃப் ஃபெர்ச்சர் 1988லேயே இவ்வகை ஒளியைக் கொண்டு கண்ணின் நீளத்தை அளந்து வெளியிட்டிருந்தார். ஜப்பானின் யமகட்டா பல்கலைக்கழகத்தில் நவோஹிரோ தன்னோவும் தனியாக இதே யோசனைக்கு வந்திருந்தார். உயிருள்ள மனிதக் கண்ணின் விழித்திரைப் படங்கள் 1993இல் வியன்னாவிலிருந்தும் எம்.ஐ.டி.யிலிருந்தும் வெளியாயின.

கண்ணுக்குள் எதையும் அனுப்ப வேண்டியதில்லை. கருவி முழுவதும் வெளியே நிற்கும். கண்மணி வழியே ஒளி மட்டும் போய்வரும். முகவாயைத் தாங்கியில் வைத்து ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். ஊசியும் இல்லை, கண்ணைத் தொடுவதும் இல்லை. அப்படியிருந்தும் கருவி உடனே விற்றுவிடவில்லை. ஸைஸ் நிறுவனம் 1996இல் சந்தைக்குக் கொண்டுவந்த முதல் தலைமுறைக் கருவிகளை வாங்கியவர்கள் குறைவு. 2002இல் வந்த ஸ்ட்ராட்டஸ் என்ற மூன்றாம் தலைமுறை நொடிக்கு 400 கோடுகள் வரைந்தது; ஒரு புள்ளியில் ஆழம் நெடுக எடுக்கும் ஒரு வாசிப்பே ஒரு கோடு. அதிலிருந்துதான் மருத்துவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கண்ணாடியை நகர்த்தும் வேலையே தேவையில்லாமல் போயிற்று: திரும்பி வரும் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் கணக்கிட்டால் எல்லா ஆழங்களின் தகவலும் ஒரே நேரத்தில் கிடைத்துவிடும். அந்த வகைக் கருவிகள் நொடிக்குப் பல்லாயிரம் கோடுகள் வரைந்தன. கண்ணின் சிறு அசைவு கெடுத்துவிடும் முன்பே படம் எடுத்து முடிந்துவிடும்.

வேகத்தோடு மருந்தும் சேர்ந்தது. விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோத்துப் பார்வை கெடும் நோய்க்குக் கண்ணுக்குள் போடும் ஊசிமருந்துகள் 2005, 2006 வாக்கில் பரவலாயின. எப்போது அடுத்த ஊசி, எப்போது நிறுத்தலாம் என்ற கேள்விக்கு விடை ஓ.சி.டி. படத்தில் இருந்தது: வீக்கம் எத்தனை மைக்ரான் குறைந்திருக்கிறது என்று அளந்து பார்த்துவிடலாம். உலகம் முழுக்க ஆண்டுக்கு ஏறக்குறைய மூன்று கோடி கண் ஸ்கேன்கள் என்று ஃபுஜிமோட்டோவும் ஸ்வான்சனும் பின்னாளில் மதிப்பிட்டார்கள். நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. சென்னையின் மெட்ராஸ் டயாபட்டீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் ஐ.சி.எம்.ஆருடன் சேர்ந்து நடத்திய ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் கணக்கிட்டது. நீரிழிவால் விழித்திரை கெடும்போது தொடக்கத்தில் வலியும் இருக்காது, பார்வையும் குறையாது. சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழித்திரையைக் காட்டிவிட வேண்டும் என்று கண் மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

உடலுக்குள் போவதற்கான வழி 1997இல் திறந்தது. கேரி டியர்னி, பிரெட் பௌமா ஆகியோரோடு ஃபுஜிமோட்டோ குழு அதே ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையில் ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள கதீட்டரால் உயிருள்ள முயலின் உணவுப்பாதையையும் மூச்சுப்பாதையையும் 10 மைக்ரான் நுணுக்கத்தில் படம் பிடித்துக் காட்டினார்கள். திசுவை அறுத்தெடுக்காமலே பயாப்ஸி செய்வதுபோலப் பார்ப்பதால் ‘ஒளிப் பயாப்ஸி’ என்று அதற்குப் பெயரிட்டார்கள்.

இதயத்துக்கு வந்த கதீட்டரின் முனையைக் கிட்டத்தில் பார்த்தால், உள்ளே போனது எவ்வளவு கொஞ்சம் என்பது தெரியும். அதன் உயிர்நாடி 125 மைக்ரான் தடிமனுள்ள ஒற்றைக் கண்ணாடி இழை. தொலைத்தொடர்புக்குப் பயன்படும் அதே வகை. இழையின் நுனியில் ஒளியைக் குவிக்க ஒரு நுண் லென்ஸ். அதையடுத்து, ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் சாய்ந்த முகம். இழையைச் சுற்றி, திருகினால் திருகு விசையை நுனிவரை கொண்டுபோகும் கம்பிச்சுருள். எல்லாவற்றையும் மூடி, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறை. அவ்வளவுதான்: மின்சாரம் இல்லை, கேமரா இல்லை, சில்லு இல்லை. ஒளிமூலம், உணரி, கணினி, சுழற்றும் மோட்டார், பின்னிழுக்கும் மோட்டார் ஐந்தும் நோயாளியின் உடலுக்கு வெளியே இருக்கின்றன. இழை நொடிக்கு நூறு தடவை சுழன்றபடியே பின்னோக்கி இழுபடும். ஒளி சுருள் சுருளாகச் சுவரைத் துழாவி வரும். வெளியே சுழலும் இழைக்கும் நிலையாக நிற்கும் இயந்திரத்துக்கும் நடுவே ஒளி சிந்தாமல் கடக்க ஒரு சுழல் இணைப்பு வேண்டும். அந்த இணைப்பில் சில மைக்ரான் விலகினாலே படம் மங்கிவிடும். நுனியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இந்த இணைப்பைச் செய்தவர்களின் உழைப்பைப் பேசுவோர் இல்லை.

ரத்தம் இன்னொரு தடை. சிவப்பணுக்கள் ஒளியைச் சிதறடித்துவிடும்; குழாயில் ரத்தம் இருக்கும்வரை சுவர் தெரியாது. முதலில் வந்த கருவிகள் மெதுவானவை. ஒரு பலூனை ஊதிக் குழாயைச் சற்று நேரம் அடைத்து, சலைன் பாய்ச்சி, அந்த அவகாசத்துக்குள் படம் எடுக்க வேண்டியிருந்தது. நெஞ்சுவலிக்காரரின் இதயக் குழாயைச் சோதனைக்காகவே அடைப்பதை எந்த மருத்துவரும் விரும்பமாட்டார். லேசரின் நிறத்தை அதிவேகமாக மாற்றிக்கொண்டே போகும் முறை வந்ததும் நிலைமை மாறியது. நொடிக்கு 20 மில்லிமீட்டர் வேகத்தில் இழுக்க முடிந்தது. 50 மில்லிமீட்டர் நீளக் குழாய்க்கு இரண்டரை நொடி போதும். ஆஞ்சியோகிராமுக்குப் பயன்படுத்தும் அதே சாய மருந்தை ஒரு முறை வேகமாகச் செலுத்தினால் அந்த நேரத்துக்கு ரத்தம் விலகி நிற்கும். பலூன் தேவையற்றுப்போனது. கதீட்டரின் நுனியில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல், அறையின் மூலையில் நிற்கும் லேசரை வேகப்படுத்தியதாலேயே நோயாளியின் உடலுக்குள் இருந்து ஒரு ஆபத்தான பொருள் வெளியேறியது. இந்த ஆராய்ச்சி முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 2010இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதய ஓ.சி.டி.க்கு அனுமதி தந்தது.

படம் எப்படியிருக்கும்? ஆரோக்கியமான குழாய் மூன்று வளையங்களாகத் தெரியும்: உள் அடுக்கு வெளிச்சம், நடுத்தசை இருட்டு, வெளியடுக்கு மீண்டும் வெளிச்சம். சுண்ணாம்பு படிந்த இடம் விளிம்பு தெளிவான இருண்ட திட்டாக இருக்கும். கொழுப்பும் இருட்டுதான், ஆனால் விளிம்பு கரைந்து மங்கியிருக்கும். அந்த மங்கலின் மேல் கிடக்கும் மெல்லிய வெளிச்சக் கோடுதான் 65 மைக்ரான் தோல். அடைப்பை விரித்துத் தாங்கும் கம்பிவலைக் குழாயான ஸ்டென்ட் வைத்த பிறகு பார்த்தால் அதன் கம்பி ஒவ்வொன்றும் பளிச்சென்ற புள்ளியாகவும் பின்னால் நிழலாகவும் தெரியும். கம்பி சுவரோடு ஒட்டியிருக்கிறதா, இடைவெளி விட்டு நிற்கிறதா என்று சிகிச்சை நடக்கும் கேத் லேபிலேயே முடிவுசெய்துவிடலாம்.

நன்றாகத் தெரிவது வேறு, நோயாளி நன்றாக இருப்பது வேறு. இதை ஆராய்ந்த இரண்டு பெரிய சோதனைகளின் முடிவுகள் 2023 ஆகஸ்டில் வந்தன. இலூமியன்-4 சோதனையில் 2,487 நோயாளிகள். ஓ.சி.டி. பார்த்து வைத்த ஸ்டென்ட்கள் ஆஞ்சியோகிராம் மட்டும் பார்த்து வைத்தவற்றைவிட நன்றாக விரிந்திருந்தன. ஆனால் இரண்டு ஆண்டுகளில் ஸ்டென்ட் வைத்த குழாய் தொடர்பான பாதிப்புகள் முறையே 7.4 விழுக்காடு, 8.2 விழுக்காடு என்று கிட்டத்தட்ட சமமாகவே இருந்தன. அக்டோபர் என்று பெயரிட்ட மற்றொரு சோதனை, குழாய் இரண்டாகக் கிளைக்கும் சிக்கலான இடங்களில் அடைப்புள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டது. அங்கே பாதிப்புகள் 14.1 விழுக்காட்டிலிருந்து 10.1 ஆகக் குறைந்தன. ஸ்டென்ட் வைக்கும் எல்லோருக்கும் இந்தப் படம் வேண்டும் என்று விற்பனைப் பேச்சில் சொல்வதற்கு முதல் சோதனை இடம் தரவில்லை. சிக்கலான அடைப்புகளில் பயன்படுத்தாமல் விடுவதற்கு இரண்டாவது சோதனை இடம் தரவில்லை. என் தீர்ப்பும் இதுவே.

உணவுக்குழாயில் பிரச்சினையின் உருவமே மாறுகிறது. நாள்பட்ட அமிலப் பின்னோட்டத்தால் அதன் உட்சவ்வு மாறிப்போகும் பாரெட் என்ற நிலை சிலருக்குப் புற்றுநோயில் முடியும். இப்போதைய நடைமுறையில், எண்டோஸ்கோப்பி செய்து ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு முறை நான்கு பக்கத்திலும் துணுக்குகளைக் கிள்ளியெடுத்துச் சோதிக்கிறார்கள். கிள்ளாத இடத்தில் நோய் இருந்தால் தப்பிவிடும். இங்கே பெரிய பரப்பை முழுவதும் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து சுழற்றும் இழை, கதீட்டர் வளையும் இடங்களில் சிக்கிச் சிக்கிச் சுழலும். படம் ஓரிடத்தில் இழுபட்டும் ஓரிடத்தில் நெருங்கியும் கோணலாகும். ஆகவே ஃபுஜிமோட்டோவின் குழு இம்முறை மோட்டாரையே உள்ளே அனுப்பியது. 2013இல் அவர்கள் வெளியிட்ட கதீட்டரின் விட்டம் 3.2 மில்லிமீட்டர். அதன் முனையில் ஐந்து வோல்ட்டுக்கும் குறைந்த மின்னழுத்தத்தில் ஓடும் நுண் மோட்டார் ஒரு சிறு முப்பட்டகத்தைச் சுழற்றும். நொடிக்கு 400 படங்கள். இழை சுழலாமல் நிற்பதால் வளைவு அதைப் பாதிப்பதில்லை. வெளியே நின்ற புது வகை லேசர் நொடிக்குப் பத்து லட்சம் கோடுகள் வரைந்தது.

அதே ஆண்டில் டியர்னியின் பாஸ்டன் குழு நேரெதிரான விடையோடு வந்தது. மாத்திரை வடிவக் கூடு ஒன்றை நூல் போன்ற மெல்லிய குழாயில் கட்டி, மயக்கமருந்து இல்லாமல் தண்ணீரோடு விழுங்கச் செய்தார்கள். கூட்டுக்குள் ஒளியியல் பாகங்கள் மட்டும். சுழற்சி அந்தக் குழாய் வழியே வெளியிலிருந்து வந்தது. பார்த்து முடித்ததும் இழுத்து வெளியே எடுத்துக்கொள்ளலாம். இஸ்ரேல் பொறியாளர் கவ்ரியேல் இத்தானின் கேமரா மாத்திரை இதற்கு முன்பே, 2001இல், அமெரிக்காவில் அனுமதி பெற்றிருந்தது. மின்கலம், விளக்கு, கேமரா, ரேடியோ எல்லாமே 11 மில்லிமீட்டர் விட்டமுள்ள கூட்டுக்குள் இருக்கும் கருவி அது. ஆனால் அது பார்ப்பது மேற்பரப்பை மட்டும். சவ்வுக்குக் கீழே பார்க்கும் ஓ.சி.டி.யின் ஒளிமூலத்தை அப்படி உள்ளே அடைக்க முடியாததால் கயிறு தேவைப்பட்டது. ஃபுஜிமோட்டோ குழு பின்னர் தன் நுண் மோட்டாரையும் ஒரு கூட்டுக்குள் வைத்துப் பன்றிகளில் சோதித்தது. கண்ணில்போல இது இன்னும் அன்றாடப் பரிசோதனையாகவில்லை. மயக்கமில்லாமல் விழுங்கவைக்கும் பாதைதான் முதலில் பரவும் என்று நான் நினைக்கிறேன். ஆரம்பநிலைப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லாதவர்கள், அவர்களை மயக்கத்தில் ஆழ்த்த வேண்டியிராத கருவியே அவர்களிடம் போய்ச் சேரும்.

ஹுவாங், ஸ்வான்சன், ஃபுஜிமோட்டோ மூவருக்கும் 2023இல் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது. அதற்கு முன் 2017இல் ஃபெர்ச்சரையும் வியன்னாவின் கிறிஸ்டோஃப் ஹிட்சன்பர்கரையும் சேர்த்து ஐவர் ரஸ் பரிசைப் பெற்றார்கள். விருதைவிட நாம் கவனிக்க வேண்டியது, ஒரு மருத்துவ மாணவர் லேசர் ஆய்வுக்கூடத்தில் உட்காரவும் ஒரு செயற்கைக்கோள் பொறியாளர் விழித்திரையைப் பற்றிக் கேட்கவும் இடம் தந்த ஏற்பாட்டை. சென்னை ஐ.ஐ.டி. 2023இல் மருத்துவ அறிவியலுக்கும் தொழில்நுட்பத்துக்கும் சேர்த்து ஒரு துறையைத் தொடங்கியிருக்கிறது. இது ஒரே நிறுவனத்தோடு நின்றுவிடக் கூடாது. இதய ஓ.சி.டி. கதீட்டர் ஒரு நோயாளிக்குப் பயன்படுத்தியதும் எறிந்துவிட வேண்டிய பொருள். அதைக் குறைந்த விலையில் செய்வது இங்கே ஒரு பொறியியல் துறை எடுத்துக்கொள்ளக் கூடிய வேலைதான். மதுரையிலும் கோவையிலும் சென்னையிலும் பொறியியல் கல்லூரியும் பெரிய மருத்துவமனையும் ஒரே ஊரில் இருக்கின்றன. இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடும் மாணவர்களைப் பேராசிரியர்கள் முதலில் அந்த மருத்துவமனைக்கு அனுப்பி, மருத்துவர் கையில் இருக்கும் கருவி எந்த இடத்தில் போதவில்லை என்று கேட்டு வரச் சொல்ல வேண்டும்.